கெய்ரோவில் எந்தப் பிரமிடைப் பார்ப்பது, எதற்குள் நுழைவது?

கெய்ரோவுக்கு டிக்கெட் போட்டாயிற்று, கையில் இருப்பது ஒரு நாளோ இரண்டு நாளோதான், எந்தப் பிரமிடுக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், நான் அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துவிடுவேன். எதை வெளியில் நின்று பார்ப்பது? எதற்குள் இறங்குவது? இரண்டுக்கும் ஒரே விடை என்று நினைத்து, நேரத்தையும் பணத்தையும் மொத்தமாகக் கீசாவில் கொட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். என் கட்சி வேறு. பார்ப்பதற்குக் கீசா, நுழைவதற்குத் தாஷூர், இரண்டுக்கும் நடுவில் நேரம் கிடைத்தால் சக்காரா. ஏன் என்று சொல்கிறேன். உங்கள் முட்டியும் பட்ஜெட்டும் வேறு மாதிரி இருந்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

எகிப்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரமிடுகள் உண்டு. நாம் போகக்கூடிய முக்கியமானவை நைல் ஆற்றுக்கு மேற்கே, வயல் முடிந்து பாலைவனம் தொடங்குகிற விளிம்பில், வடக்கிலிருந்து தெற்காக நிற்கின்றன. கெய்ரோவின் மையத்திலிருந்து கீசா ஏறக்குறைய 15 கி.மீ., சக்காரா 30, தாஷூர் 40. கீசாவிலிருந்து தாஷூர் வரையிலான இந்தப் பட்டையை, பழைய தலைநகரான மெம்ஃபிஸோடு சேர்த்து, 1979இல் யுனெஸ்கோ ஒரே பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்னும் தெற்கே போனால் மெய்தூம், அப்புறம் ஃபையூம் பக்கம் லாஹூன், ஹவாரா. அவை தனிக் கதை.

சாலையில் வருகிற வரிசையும் கட்டப்பட்ட வரிசையும் ஒன்றல்ல. முதலில் எழுந்தது சக்காராவில் ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடு, கி.மு. 2650ஐ ஒட்டி. அடுத்து ஸ்னெஃப்ரு மன்னன் தாஷூரில் இரண்டு கட்டினான். கீசாவின் பெரிய பிரமிடு அவன் மகன் கூஃபுவினுடையது. ஆறு அடுக்குப் படியில் தொடங்கி கூஃபு வரை வந்துசேர ஏறத்தாழ நூறு ஆண்டுதான் ஆகியிருக்கிறது. இந்தக் கதையைக் கால வரிசையில் பார்க்க ஆசைப்படுகிறவர் சக்காரா, தாஷூர், கடைசியாகக் கீசா என்று போகலாம். மற்றவர்கள் வெயிலையும் கூட்டத்தையும் பார்த்து வரிசையை வைத்துக்கொள்வது நல்லது.

வெளியில் நின்று பார்க்க

இதில் கீசாவுக்குப் போட்டியே கிடையாது. கூஃபுவின் பிரமிடு கட்டி முடித்தபோது 146 மீட்டருக்கு மேல் இருந்தது. உச்சிக் கற்களும் மேல்பூச்சுக் கற்களும் போனபின் இப்போது 138 சொச்சம். ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர். சுமார் 23 லட்சம் கற்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த எண்களையெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். பக்கத்தில் போய் நின்றால் உறைப்பது வேறு. தூரத்திலிருந்து சொரசொரப்பாகத் தெரிந்த சரிவு ஒவ்வொரு வரிசையாகப் பிரிந்து, அடி வரிசைக் கல் ஒன்றே நம் நெஞ்சுக்கு மேல் வந்து நிற்கிறது. அதன்மேல் இருநூறு வரிசைகள்.

மூன்றில் எது பெரியது என்று பார்த்தவுடன் கேட்டால் பலரும் நடுவில் இருப்பதைக் காட்டுவார்கள். அது கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடு. மேடான பாறையில் நிற்பதால் உயரமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் நின்று பார்க்கவேண்டியது அதன் உச்சியை. ஒரு காலத்தில் எல்லாப் பிரமிடுகளையும் போர்த்தியிருந்த வழுவழுப்பான வெள்ளைச் சுண்ணாம்புக் கல் கீசாவில் அந்தத் தலைப்பகுதியில்தான் கணிசமாக மிச்சம் இருக்கிறது. மூன்றாவதான மென்காரேயின் பிரமிடு சிறியது. அதன் வடக்கு முகத்தில் செங்குத்தாக ஒரு பெரிய வெட்டுக்காயம். எகிப்தை ஆண்ட சுல்தான் சலாதீனின் மகன் 1196இல் அதை இடித்துத் தள்ள ஆள் விட்டான். மாதக்கணக்கில் உடைத்தும் அந்தக் காயத்தைத் தாண்டிப் போகமுடியவில்லை, விட்டுவிட்டார்கள். ஸ்ஃபிங்ஸ் கீழே பள்ளத்தில், 73 மீட்டர் நீளத்துக்கு ஒரே பாறையில் செதுக்கியது. படங்களில் பார்த்ததைவிடச் சிறியதாகத் தோன்றும். பிரமிடுகளைப் பார்த்துவிட்டு வருகிற கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்.

கீசாவின் தொல்லை கற்களில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. ஒட்டகக்காரர், குதிரை வண்டிக்காரர், தலையில் துணி கட்டிவிட்டு அப்புறம் காசு கேட்பவர், "அந்தப் பக்கம் மூடிவிட்டார்கள், என்னோடு வாருங்கள்" என்பவர். ஒட்டகத்தில் ஏறத்தான் வேண்டும் என்றால், ஏறி இறங்கித் திரும்பி வருவது வரை மொத்தத்துக்கும் ஒரே விலையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஏறுவதற்கு ஒரு விலை, இறங்குவதற்கு இன்னொரு விலை என்பது அங்கே பழைய வித்தை. 2025இலிருந்து ஃபையூம் சாலைப் பக்கம் புதிய நுழைவாயில் வந்து, உள்ளே மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. மூன்றையும் வரிசையாகக் காட்டும் மேட்டுக்கு ஒட்டகம் இல்லாமலே போய்விடலாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஒரு விஷயம்: மேலே ஏறலாமா என்று கேட்காதீர்கள். சட்டப்படி குற்றம், சிறைக்கும் போகலாம்.

தாஷூரின் வெளித்தோற்றத்தை மட்டமாக நினைக்கவேண்டாம். அங்கே நிற்கும் வளைந்த பிரமிடு பாதி உயரம்வரை ஏறக்குறைய 54 பாகைச் சாய்வில் எழும்பி, அப்புறம் சட்டென்று 43 பாகைக்குக் குறைகிறது. கட்டும்போதே அடித்தளம் அமிழ்ந்து விரிசல் கண்டதால் பாரத்தைக் குறைக்க இப்படி மாற்றினார்கள் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம். அதன் மேல்பூச்சுக் கற்கள் மற்ற எந்தப் பெரிய பிரமிடையும்விட அதிகமாக மிஞ்சியிருக்கின்றன. புதிதாக இருந்தபோது பிரமிடுகளின் மேனி எப்படி இருந்திருக்கும் என்பதைக் கீசாவில் கழுத்தை வளைத்து உச்சியில் தேடவேண்டும். இங்கே கையெட்டும் உயரத்திலேயே இருக்கிறது. அடுத்த பிரமிடை ஸ்னெஃப்ரு ஆரம்பத்திலிருந்தே 43 பாகைச் சாய்விலேயே கட்டினான். அதுதான் சிவப்புப் பிரமிடு. கூட்டம் இல்லை, விற்பவர் இல்லை, சுற்றிலும் மணல். ராணுவப் பகுதி என்பதால் 1990களின் நடுப்பகுதிவரை பொதுமக்களை விடவே இல்லை. அந்த ஆளற்ற தன்மை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே நுழைய

பணமும் உடம்பும் செலவாகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடவேண்டும். கீசாவிலும் தாஷூரிலும் பிரமிடுக்குள் தங்கம் இல்லை, மம்மி இல்லை, ஓவியம் இல்லை, அந்தக் காலத்தில் சுவரில் செதுக்கிய எழுத்தும் இல்லை. நாம் உள்ளே போவது கட்டட வேலையைப் பார்க்க. அதில் ஆர்வம் இல்லாத ஒருவரை இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் முணுமுணுப்பு கேட்கவேண்டிவரும்.

கூஃபு பிரமிடுக்குள் போக, கீசா வளாக டிக்கெட்டுக்கு மேல் தனி டிக்கெட் எடுக்கவேண்டும். அது வளாக டிக்கெட்டைவிட விலை அதிகம். நுழைவது மன்னன் வைத்த வாசல் வழியாக அல்ல. 9ஆம் நூற்றாண்டில் கலீஃபா அல் மாமூன் குடைந்ததாகச் சொல்லப்படும் சுரங்கம்தான் இப்போதைய வழி. குடைந்த சுவரின் கரடுமுரடைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து நடக்கலாம். அது முடிகிற இடத்தில்தான் உண்மையான ஏற்றம். ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், சுமார் 39 மீட்டர் நீளம், 26 பாகைச் சாய்வு. தரையில் மரப்பலகை, பலகையில் கால் வழுக்காமலிருக்கக் குறுக்குச் சட்டம், பக்கத்தில் கைப்பிடி. கட்டிலுக்கடியில் உருண்டுபோன சாமானை எடுக்கப் போகிறவர் மாதிரி குனிந்தபடியே ஏறவேண்டும். இதே வழியில்தான் இறங்குகிறவர்களும் வருகிறார்கள். ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள, மற்றவர் முதுகுப் பையை வயிற்றுக்கு மாற்றிக்கொண்டு கடக்க, நடுவில் யாராவது மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். பருவ நாட்களில் உள்ளே காற்று வெதுவெதுப்பாக, வியர்வை வாடையோடு இருக்கும்.

அந்தக் குறுகல் முடிந்து தலையைத் தூக்கினால் பெரிய நடைகூடம். காசு கொடுத்ததற்கு ஈடு இருக்கிறதென்றால் அது இங்கேதான். 47 மீட்டர் நீளம், 8.6 மீட்டர் உயரம். இரு சுவர்களிலும் ஒவ்வொரு கல்வரிசையும் கீழ் வரிசையைவிடச் சில சென்டிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டு, மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் கூரைக்கல்லைத் தாங்குகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கத்தி முனை நுழையாத இணைப்பு என்று எல்லா கைடும் சொல்வார்கள். விளக்கு வெளிச்சத்தில் பல இடங்களில் அது உண்மையாகவே தெரிகிறது. நடைகூடத்தின் உச்சியில் மறுபடி குனிந்து நுழைந்தால் மன்னனின் அறை. 10.5 மீட்டருக்கு 5.2 மீட்டர், முழுக்க அஸ்வானிலிருந்து 800 கி.மீ. ஆற்றில் வந்த சிவப்பு கிரானைட், கூரையில் ஒன்பது பாளங்கள். ஒரு மூலை உடைந்த, மூடியில்லாத கல் பேழை ஒன்று. அது வந்த வழியைவிட அகலம், ஆகவே அறைக்குக் கூரை போடும் முன்பே உள்ளே வைத்திருக்கவேண்டும். அவ்வளவுதான் அறை. அரசியின் அறையும் அடிப்பாறையில் வெட்டிய கீழ் அறையும் பொதுவாகப் பூட்டியே இருக்கும். 2017இல், கல்லையும் ஊடுருவிப் போகும் மியூவான் கதிர்களை வைத்து நடைகூடத்துக்கு மேலே கண்டுபிடித்த 30 மீட்டர் வெற்றிடத்தை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பெரிய பிரமிடுக்குள் போய்விட்டு வருகிறவர் பார்ப்பது அதன் ஒரு சிறு பங்கைத்தான்.

இப்போது தாஷூரின் சிவப்புப் பிரமிடு. உள்ளே போக வழக்கமாகத் தனி டிக்கெட் கிடையாது, தாஷூர் வளாக டிக்கெட்டிலேயே அடக்கம். அந்த டிக்கெட்டும் கீசாவுடையதைவிட மலிவு. வாசல் வடக்கு முகத்தில் 28 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதலில் வெளியே வெயிலில் கற்படிகளில் ஏறவேண்டும். ஏறும்போதே காலடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லின் செம்பழுப்பு நிறம் தெரியும், பெயருக்குக் காரணம் அதுதான். மேலே ஒரு காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோகச் சொல்வார். அப்புறம் 60 மீட்டருக்கு மேல் நீளமான சரிவு, 27 பாகை, உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கூஃபுவில் முன்னோக்கிக் குனிந்து ஏறுகிறோம். இங்கே குனிந்தபடி இறங்குகிறோம். முகம் முன்னோக்கி இறங்குவதைவிட, ஏணியில் இறங்குவதுபோலத் திரும்பிக்கொண்டு பின்னோக்கி இறங்கினால் முட்டி தப்பிக்கும். அடியில் போய்ச் சேரும்போது தொடை லேசாக நடுங்கும். மறுநாள் படியிறங்கும்போது அது யாரென்று ஞாபகப்படுத்தும்.

உள்ளே ஒன்றல்ல, மூன்று அறைகள். முதல் இரண்டும் தரைமட்டத்தில் அடுத்தடுத்து. ஒவ்வொன்றும் 12 மீட்டர் உயரம், பதினொரு அடுக்காகக் கற்கள் உள்நோக்கி நீட்டிக்கொண்டு உச்சியில் கூடுகின்றன. கூஃபுவின் நடைகூடத்தில் நீளவாக்கில் செய்த அதே வேலை, ஒரு தலைமுறைக்கு முன்னால், அப்பன் கட்டிப் பார்த்தது. மூன்றாவது அறைக்கு மரப்படிகளில் ஏறிப் போகவேண்டும். அதன் தரையைப் பழைய திருடர்கள் தோண்டி உடைத்திருக்கிறார்கள், பாளம் பாளமாகக் கற்கள் குழிக்குள் சாய்ந்து கிடக்கின்றன. அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். மூக்கைப் பொத்த ஒரு கைக்குட்டை போதும். நான் இருந்தபோது இரண்டாவது அறையில் ஒரு ஜெர்மன் தம்பதியும் நானும் மட்டும்தான். யாராவது இருமினால் சத்தம் மேலே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. கூஃபு அறையில் இப்படி நிற்க, வளாகம் திறந்தவுடன் ஓடிப்போய் முதல் ஆளாக நுழைந்தால் ஒருவேளை வாய்க்கும்.

ஆக, உடம்புக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பாடு, சிவப்புப் பிரமிடு கொஞ்சம் கூடுதல். காசிலும் கூட்டத்திலும் கூஃபுவுக்கும் சிவப்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பார்ப்பதற்குக் கிடைக்கும் இடம் தாஷூரில் அதிகம். அப்புறம் ஏன் எல்லாரும் கூஃபுவுக்குள் போகிறார்கள்? பெயருக்காக. பண்டைய ஏழு அதிசயங்களில் இன்றும் நிற்பது அது ஒன்றுதான், "உள்ளே போயிருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ள ஒரு விலை உண்டு. அதை நான் கிண்டல் செய்யவில்லை. வாழ்நாளில் ஒரு தடவைதான் எகிப்து என்று வருகிறவர், பணம் ஒரு பிரச்சினை இல்லை என்றால், அந்த நடைகூடத்துக்காகவே தாராளமாகப் போகலாம். நாலு பேர் குடும்பமாகப் போகிறவர்கள் நாலு டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தத் தொகையில் தாஷூருக்குப் போய்வர வண்டியே கிடைத்துவிடும்.

நடுவழியும் ஒன்று உண்டு. காஃப்ரே, மென்காரே பிரமிடுகளுக்குள் போக டிக்கெட் கூஃபுவைவிட நன்றாகவே மலிவு. ஆனால் பராமரிப்புக்காக மாற்றி மாற்றி மூடுவார்கள். காஃப்ரேயின் அறை பாறையில் வெட்டியது, பாதை அவ்வளவு கொடுமையில்லை. அங்கே சுவரில் இத்தாலியர் பெல்சோனி 2 மார்ச் 1818இல் தான் கண்டுபிடித்ததாகப் பெரிய கறுப்பு எழுத்தில் தன் பெயரை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் ஆராய்ச்சி. இன்று நாம் எழுதினால் போலீஸ் வரும். வளைந்த பிரமிடும் 2019இல் திறக்கப்பட்டது. அதன் பாதை 79 மீட்டர், சிவப்பைவிட நெருக்கம். மூடிய இடத்துக்குப் பயப்படாத, முட்டி நன்றாக இருக்கிற இளவட்டங்களுக்கு மட்டும்.

சக்காரா யாருக்கு?

மேலே சொன்ன எதிலும் எழுத்து இல்லை என்றேன் அல்லவா, எழுத்து வேண்டுமென்றால் சக்காரா. உனாஸ் மன்னனின் பிரமிடு வெளியிலிருந்து பார்த்தால் கல்குவியல், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தெற்கு முகத்தில் மட்டும் ஒரு கல்வெட்டு உண்டு. ஆயிரம் ஆண்டுக்கும் பிறகு வந்த ராம்சேஸ் மன்னனின் மகன் காயெம்வாசெத், பாழடைந்த இதைத் தான் சீர்செய்ததாகப் பொறித்தது. உள்ளே சின்ன இறக்கம், கொஞ்சம் குனிந்தால் போதும், கால் கெஞ்சாது. அறையில் நிமிர்ந்ததும் சுவர் முழுக்க மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாகச் செதுக்கிய எழுத்து, ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் நீல வண்ணம். மேலே சாய்கூரை முழுக்க ஐந்து முனை நட்சத்திரங்கள். இறந்த மன்னன் மறுமைக்குப் போய்ச்சேர ஓதும் இந்த வாசகங்கள்தான் பிரமிடுகளில் எழுதப்பட்டவற்றில் மிகப் பழையவை, ஏறக்குறைய கி.மு. 2350. உனாஸ் மூடியிருந்தால் பக்கத்திலேயே தேதி என்ற மன்னனின் பிரமிடு இருக்கிறது, அங்கேயும் நட்சத்திரக் கூரையும் எழுத்தும் உண்டு.

வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பிரமிடுக்குள் போன அனுபவமும் கிடைக்கும், அறுபது மீட்டர் தவழவும் வேண்டாம். அதோடு ஜோசர் வளாகம். வாசலுக்குள் நுழைந்ததும் நாணல் கட்டுகளைக் கட்டிவைத்த மாதிரி செதுக்கிய தூண்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் பின்சுவரோடு ஒட்டியபடி. தூணைத் தனியாக நிறுத்தலாம் என்ற துணிச்சல் அப்போது இன்னும் வரவில்லை. படிக்கட்டுப் பிரமிடின் வடக்குப் பக்கம் போங்கள். பெட்டி மாதிரி, சாய்ந்த ஒரு சிறு கல் அறையின் முகப்பில் கண் உயரத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்றில் கண்ணை வைத்தால் உள்ளே இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஜோசர் நம்மைப் பார்ப்பார். நகல்தான், அசல் கெய்ரோ அருங்காட்சியகத்தில். இருந்தாலும் குழந்தைகள் திரும்பத் திரும்ப வரிசையில் நிற்பார்கள். இந்தப் பிரமிடு 14 ஆண்டு சீரமைப்புக்குப் பிறகு 2020இல் திறக்கப்பட்டது. உள்ளே போகத் தனி டிக்கெட்.

செராபியத்தையும் விடாதீர்கள். புனிதக் காளைகளைப் புதைத்த நிலத்தடி மண்டபம், ஒவ்வொரு கல்பேழையும் ஒரு வேன் அளவு. மேரெருகா, காகெம்னி போன்ற அதிகாரிகளின் கல்லறைகளில் மீன் பிடிப்பதும் மாடு மேய்ப்பதும் நீர்யானையைக் குத்துவதும் சுவர் முழுக்க இருக்கிறது. மன்னர்கள் வீட்டில் இல்லாத அன்றாட வாழ்க்கை அதிகாரிகள் வீட்டில் கிடைக்கிறது. எந்த இடம் பொது டிக்கெட்டில் சேர்ந்தது, எதற்குத் தனி டிக்கெட் என்பது அவ்வப்போது மாறும். கவுண்டரில் பலகையைப் படித்துவிட்டே வாங்குங்கள். பல இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். அது வெளிநாட்டில் வேலைசெய்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

வண்டியும் நேரமும்

கீசாவுக்கு மட்டும் என்றால் உபர் போதும். சக்காரா, தாஷூர் பக்கம் திரும்பி வர வண்டி கிடைக்காது, நாள் வாடகைக்குக் காரைப் பேசிவிடுவதே நல்லது. கும்பலோடு போகும் பேருந்துப் பயணம் தலைக்குக் குறைவாக வரும். ஆனால் நடுவில் பாப்பிரஸ் கடை, அத்தர் கடை, கம்பளக் கடை என்று நிறுத்தி நிறுத்திப் போவார்கள், அங்கே போகிற ஒரு மணி நேரம் சக்காராவிலிருந்து கழிகிறது. மூன்று பேருக்கு மேல் இருந்தால் தனிக் காருக்கும் பேருந்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கைடு? கீசாவுக்கு அவசியமில்லை, படித்துவிட்டுப் போனாலே போதும். சக்காராவில் நல்ல கைடு இருந்தால் சுவரெல்லாம் பேசும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். கைடுக்கு வைத்த பணத்தை அங்கே செலவழியுங்கள்.

ஒரே நாள் என்றால் கீசாவைத் திறந்ததும் நுழைந்து, பேருந்துகள் வந்து சேரும் பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். நேராகத் தாஷூர். திரும்பும் வழியில் நேரம் மிச்சமிருந்தால் சக்காராவில் உனாஸும் ஜோசர் வாசலும் மட்டும். மாலை நாலு, ஐந்து மணிக்கெல்லாம் எல்லா வளாகமும் மூடத் தொடங்கிவிடும், அதற்கும் முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ரம்ஜான் மாதத்தில் இன்னும் சீக்கிரம். வழியில் சாப்பாட்டுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் கெய்ரோவிலேயே குஷரி கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பலாம். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு. நம் நாக்குக்குக் கொஞ்சம் உறைப்பு போதாது, தனியாகத் தரும் காரத்தைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தை அந்த ஒரே நாளில் திணிக்காதீர்கள். 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்தார்கள், கீசாவுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது, ஆகவே ஆசை வரும். துட்டன்காமுன் கல்லறைப் பொருட்கள் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல். கூஃபு பிரமிடின் அடியில் 1954இல் கண்டெடுத்த 43 மீட்டர் தேவதாரு மரப் படகும் 2021இல் அங்கே போய்விட்டது. அரை நாள் குறைந்தபட்சம். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட்டு, இரண்டாம் நாள் பிற்பகலை அதற்குக் கொடுங்கள். இரண்டு நாள் இருப்பவருக்கு முதல் நாள் தாஷூரும் சக்காராவும் நிதானமாக, மறுநாள் திறந்தவுடன் கீசா, மதியத்துக்குப் பிறகு அருங்காட்சியகம். வெளியே வெயில் ஏறும்போது நீங்கள் ஏசியில் இருப்பீர்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவம் நல்லது, கூட்டமும் அதற்கேற்ப. மார்ச், ஏப்ரலில் சில நாட்கள் கம்சீன் காற்று மணலை வாரி அடிக்கும், அன்றைக்குக் கீசா மேட்டில் நின்றால் பிரமிடே மங்கலாகத்தான் தெரியும். சென்னை வெயிலில் பழகியவர்கள் மே, ஜூனிலும் சமாளிக்கலாம், வியர்வை குறைவு. ஆனால் சிவப்புப் பிரமிடின் வெளிப் படிகளை அந்த மாதங்களில் காலை பத்து மணிக்குள் ஏறி முடித்துவிடுங்கள்.

மூன்றாம் நாளும் கையில் இருந்தால் மெய்தூம். கெய்ரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 100 கி.மீ. வெளிப் போர்வை சரிந்து, நடுவே கோபுரம் மட்டும் இடிபாட்டுக் குவியலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கிறது. படிக்கட்டுப் பிரமிடாகத் தொடங்கி, பிறகு சாய்முகமாக மாற்ற முயன்றது. ஜோசருக்கும் தாஷூருக்கும் நடுவில் நடந்தது என்ன என்பதை இங்கே நேராகப் பார்க்கலாம். உள்ளேயும் போகலாம். அங்கே ஒட்டகக்காரர் இருக்கமாட்டார், டீக்கடையும் இருக்காது. தண்ணீரையும் சில்லறையையும் கெய்ரோவிலிருந்தே எடுத்துப் போங்கள்.